தளபதிகள் கட்டிய கட்சி: தாய்லாந்தில் பலாங் பிரச்சாரத்தின் எழுச்சியும் தேய்வும்

முழுமையான மன்னராட்சியை 1932 ஜூன் 24 அன்று படை அதிகாரிகளும் குடிமை அதிகாரிகளும் சேர்ந்து முடிவுக்குக் கொண்டுவந்த நாள்முதல் தாய்லாந்தில், பரவலாக ஏற்கப்படும் கணக்குப்படி, 12 ஆட்சிக்கவிழ்ப்புகள் வெற்றி பெற்றுள்ளன. ஆட்சியைப் பிடிப்பது அந்நாட்டுத் தளபதிகளுக்கு ஒருபோதும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. பாங்காக்கின் சாலைச் சந்திப்புகளில் டாங்கிகளை நிறுத்தி, தொலைக்காட்சி நிலையத்தைக் கைப்பற்றி, அரசியலமைப்பை நீக்கி அறிவிப்பு வெளியிட்டால் அது பெரும்பாலும் ஓர் இரவுக்குள் முடிந்துவிடும். பிடித்த ஆட்சியை, மக்களும் வெளிநாடுகளும் கேட்கும் தேர்தலை நடத்திய பிறகும் கையைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதுதான் ஒவ்வொரு தலைமுறைத் தளபதிகளையும் திணறடித்திருக்கிறது. இச்சிக்கலுக்கு அவர்கள் திரும்பத் திரும்பக் கையாண்ட தீர்வைத் தாய்லாந்துப் பத்திரிகைகள் ‘பாக் தஹான்’, அதாவது இராணுவக் கட்சி என்று குறிப்பிடுகின்றன. அவ்வரிசையில் 2018இல் தோன்றிய பலாங் பிரச்சாரத் கட்சி, முன்னோடிகளைவிட நீண்ட காலம் ஆட்சியைத் தாங்கி நின்றது. அதற்கான காரணத்தைக் கட்சிக்குள் தேடினால் கிடைக்காது. கட்சி பிறப்பதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்த விதிகளில்தான் தேடவேண்டும்.

முன்னோடிகளின் கதை சுருக்கமானது, ஒன்றுபோலவே முடிவது. தளபதி பிபுன் சொங்கிராம் பிரதமராக இருந்த காலத்தில், பாங்காக்கிலுள்ள மனங்கசிலா மாளிகையின் பெயரால் சேரி மனங்கசிலா என்னும் கட்சியை உருவாக்கி 1957 பிப்ரவரித் தேர்தலைச் சந்தித்தார். ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்லப்பட்டுப் பல சாவடிகளில் வாக்களித்தவர்களை ‘வான்குடை வீரர்கள்’ என்றும், பெட்டிக்குள் கட்டுக்கட்டாகத் திணிக்கப்பட்ட கள்ளச் சீட்டுகளை ‘தீச்சீட்டு’ என்றும் மக்கள் பெயரிட்டழைக்கும் அளவுக்கு அத்தேர்தலில் முறைகேடு மலிந்திருந்தது. அந்த வெறுப்பையே காரணமாகக் காட்டி, அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு தளபதியான சரித் தனரத் பிபுனைக் கவிழ்த்தார். சரித்துக்குப் பின் வந்த தனொம் கித்திகசோன், ஐக்கியத் தாய் மக்கள் கட்சியை அமைத்து 1969இல் 219 இடங்களில் 75 பெற்றார். ஆனால் தன் கட்சியின் உறுப்பினர்களே தொகுதிக்குப் பணம் கேட்டு நெருக்கியதைப் பொறுக்க முடியாமல் 1971 நவம்பரில் தன் சொந்த நாடாளுமன்றத்தையே கலைத்தார். அவரது ஆட்சி 1973 அக்டோபர் மாணவர் எழுச்சியில் சரிந்தது.

மூன்றாவது முயற்சி பலாங் பிரச்சாரத்துக்கு மிக நெருக்கமானது. 1991 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர்களின் ஆதரவோடு சாமக்கி தாம் என்னும் கட்சி தோன்றி, 1992 மார்ச் தேர்தலில் 79 இடங்களோடு முதலிடம் பெற்றது. தேர்தலில் நிற்காதவரும் பிரதமராகலாம் என்று அப்போதைய அரசியலமைப்பு இடம் கொடுத்திருந்தது. பிரதமர் பதவியை ஏற்கமாட்டேன் என்று முன்னர் உறுதியளித்திருந்த தளபதி சுசிந்தா கிராப்ரயூன், நாட்டுக்காகச் சொல்லை மீறுவதாகக் கூறிப் பதவியேற்றார். பாங்காக்கின் நடுத்தர வகுப்பு தெருவுக்கு வந்தது. மே 17 முதல் 20 வரை ராஜதம்னோன் சாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மன்னர் பூமிபோல் தலையிட்ட பிறகு சுசிந்தா விலகினார், கட்சியும் சில மாதங்களில் மறைந்தது. அவ்வேளையில் நடப்பிலிருந்த 1991 அரசியலமைப்பை எழுதிய குழுவின் தலைவர் மீச்சாய் ருசுபன் என்னும் சட்ட வல்லுநர். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, இன்றைய அரசியலமைப்பை எழுதிய குழுவுக்கும் அவரே தலைவரானார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1992இன் அதிர்ச்சி, படையினரைச் சிறிது காலம் பாசறைக்குள் இருத்தியது. 1997இல் பரந்த மக்கள் பங்கேற்போடு எழுதப்பட்ட அரசியலமைப்பின் கீழ், தொலைத்தொடர்புத் தொழிலதிபர் தக்சின் சினவத்ரா 2001இல் ஆட்சிக்கு வந்து, முப்பது பாட்டில் மருத்துவம், கிராம நிதி போன்ற திட்டங்களால் வடக்கிலும் வடகிழக்கிலும் அசைக்க முடியாத ஆதரவைப் பெற்றார். அவர் மீதான ஊழல் புகார்களும், போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளும், அரண்மனையோடும் படையோடும் நெருங்கிய வட்டாரங்களுக்கு அவரிடம் இருந்த அச்சமும் சேர்ந்து 2006 செப்டம்பர் 19 ஆட்சிக்கவிழ்ப்புக்கு வழிவகுத்தன. ஆனால் அடுத்த ஆண்டே நடந்த தேர்தலில் தக்சின் அணி வேறு பெயரில் வென்றது. நீதிமன்றம் அக்கட்சியைக் கலைத்த பிறகு, 2011இல் அவர் தங்கை யிங்லக் 265 இடங்களோடு தனிப் பெரும்பான்மை பெற்றார். 2006இன் நடவடிக்கையை ஆதரித்தவர்களே அதை ‘சியா கோங்’, அதாவது வீணாய்ப்போன ஆட்சிக்கவிழ்ப்பு என்று நொந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் நீடித்த தெருப் போராட்டங்களுக்குப் பிறகு 2014 மே 22 அன்று யிங்லக் கட்சியின் அரசைத் தரைப்படைத் தலைவர் பிரயுத் சான்-ஓ-சா கவிழ்த்தபோது, இம்முறை வீணாகக் கூடாது என்ற உறுதி அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் இருந்தது. பின்னர் நடந்த அனைத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லே போதும்.

வீணாகாமல் இருக்க மூன்று ஏற்பாடுகள் தேவைப்பட்டன: காலம், சட்டம், கட்சி. காலத்தைப் பெறுவது எளிதாக இருந்தது. 2015இல் தேர்தல் என்று தொடங்கிய வாக்குறுதி ஒவ்வோராண்டும் தள்ளிப்போய் 2019 மார்ச்சில்தான் நிறைவேறியது; ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ அரசியல் நோக்கத்தோடு கூடுவது தடைசெய்யப்பட்டிருந்த அவ்வாண்டுகளில், இடைக்கால அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு பிரயுத்தின் எந்த உத்தரவையும் சட்டமாக்கியது. சட்டம் எழுதும் வேலை சற்றுக் கடினமாக இருந்தது. முதல் வரைவை 2015 செப்டம்பரில், பிரயுத் தலைமையிலான இராணுவ ஆட்சிக்குழு தானே நியமித்த சீர்திருத்த மன்றம் தோற்கடித்தது; அதை எழுதிய குழுவின் தலைவர் பவோன்சக் உவன்னோ, அவர்கள் நீண்ட நாள் இருக்க விரும்புகிறார்கள் என்று சொன்ன சொல் தாய்லாந்து அரசியலில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அடுத்து மீச்சாய் எழுதிய வரைவு 2016 ஆகஸ்ட் 7 அன்று பொது வாக்கெடுப்புக்கு வந்து, வாக்களித்தவர்களில் 61 விழுக்காட்டினரின் ஒப்புதலைப் பெற்றது. வாக்காளரைத் திசைதிருப்பும் வகையில் பரப்புரை செய்தால் பத்தாண்டுவரை சிறை என்று மிரட்டிய சட்டத்தின் கீழ், எதிர்ப்பாளர்கள் துண்டறிக்கை கொடுத்ததற்கே கைதான சூழலில் நடந்த வாக்கெடுப்பு அது. அதன் முடிவைச் சுதந்திரமான ஒப்புதல் என்று கொள்வதற்கில்லை.

அந்த அரசியலமைப்பின் உயிர்நாடி, 272ஆம் பிரிவாக இடம்பெற்ற இடைக்கால விதி. கீழவையான மக்கள் பிரதிநிதிகள் அவையில் 500 உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். மேலவையான செனட்டில் 250 பேர், முதல் ஐந்தாண்டுகளுக்கு இராணுவ ஆட்சிக்குழுவால் நியமிக்கப்படுவார்கள். இரு அவைகளும் சேர்ந்தே பிரதமரைத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் 750 வாக்குகளில் 376 பெறுபவர் பிரதமர். செனட் தன் பக்கம் இருக்கும் வேட்பாளருக்கு மக்கள் அவையில் 126 பேர் போதும். செனட் இல்லாதவர் மக்கள் அவையின் 500 பேரில் 376 பேரைத் திரட்ட வேண்டும். செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் துணைப் பிரதமரும் முன்னாள் தரைப்படைத் தலைவருமான பிரவித் வோங்சுவான். முப்படைகளின் தலைவர்களும் காவல்துறைத் தலைவரும் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகளும் பதவி வழியாகவே செனட்டர்களானார்கள். 250 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் படையிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ வந்தவர்கள். பிரயுத்தின் தம்பியும் அவர்களில் ஒருவர். மேலும், கட்சிகள் பிரதமர் பதவிக்கு மூன்று பெயர்வரை முன்மொழியலாம், அவர்கள் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை என்ற விதி, வாக்குக் கேட்டு ஒரு தொகுதியிலும் போட்டியிடாத, எந்தக் கட்சியிலும் உறுப்பினராகாத ஒருவர் பிரதமராக நீடிக்கக் கதவைத் திறந்துவிட்டது. ஆக, கட்சி செய்யவேண்டியிருந்தது அந்த 126 பேரைத் திரட்டுவது மட்டுமே.

பலாங் பிரச்சாரத் கட்சி 2018 மார்ச்சில் பதிவுக்கு விண்ணப்பித்தபோது அதன் முகங்கள் அதிகம் அறியப்படாதவை. செப்டம்பர் இறுதியில் நடந்த முதல் பொதுக்குழுவில்தான் உருவம் தெளிவானது: தொழில்துறை அமைச்சர் உத்தமா சவனாயன தலைவர், வணிகத்துறை அமைச்சர் சொந்திரத் சொந்திசிரவோங் பொதுச்செயலாளர், அறிவியல்துறை அமைச்சர் சுவித் மேசின்சி துணைத்தலைவர், பிரதமர் அலுவலக அமைச்சர் கோப்சக் பூத்ரகுல் செய்தித் தொடர்பாளர். நால்வரும் பொருளாதாரத் துணைப் பிரதமர் சோம்கித் ஜதுஸ்ரீபிதக்கின் ஆட்கள். நால்வரும் அடுத்த ஜனவரி இறுதிவரை அமைச்சர் பதவியில் இருந்துகொண்டே கட்சி வேலையும் பார்த்தார்கள். மற்றக் கட்சிகள் கூட்டம் நடத்தவே டிசம்பர் 11 வரை தடை இருந்தது.

கட்சியின் பெயரே அரசுத் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. ‘பிரச்சாரத்’ என்பது பிரஜை, ராஷ்டிரம் என்னும் வடசொற்களின் தாய் மொழி வடிவம். மக்களும் அரசும் கைகோத்துச் செயல்படுவது என்ற பொருளில் பிரயுத் அரசு தன் பொருளாதாரத் திட்டங்களுக்கு அப்பெயரைச் சூட்டியிருந்தது. 2017 அக்டோபரில் அறிமுகமான நலத்திட்ட அட்டை, ஆண்டு வருமானம் 30,000 பாட்டுக்குட்பட்டவருக்கு மாதம் 300 பாட்டும், 1,00,000 பாட்டுக்குட்பட்டவருக்கு 200 பாட்டும் அரிசி, எண்ணெய், சோப்பு போன்ற பொருள்கள் வாங்க அளித்தது. அட்டையை எந்தக் கடையிலும் நீட்ட முடியாது. ‘நீலக்கொடி பிரச்சாரத்’ என்ற பலகை தொங்கும் கடைகளில்தான் அது செல்லும். இப்படிக் கிராமத்துக் கடை வாசல்தோறும் மாதாமாதம் ஏழைக் குடும்பங்கள் நின்று பார்க்கும் அப்பலகையில் இருந்த சொல்லும் வாக்குச்சீட்டில் வரவிருந்த கட்சியின் பெயரில் இருந்த சொல்லும் ஒன்றாகவே இருந்தன. அட்டை பெற்றவர்கள் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு புத்தாண்டுப் பரிசாக அவர்கள் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 500 பாட் வழங்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏழைக்கு அரசு தரும் உதவி தவறாகாது. ஆனால் அனைவரின் வரிப்பணத்தில் நடக்கும் உதவியின் மீது ஒரு கட்சியின் பெயரை ஒட்டியது, போட்டி தொடங்கும் முன்பே மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளிய செயல்.

பெயரும் பணமும் இருந்தாலும் தொகுதிகளில் வெல்ல ஆள் வேண்டும். தாய்லாந்தின் மாகாண அரசியல் ‘பான் யாய்’ எனப்படும் பெருங்குடும்பங்களைச் சுற்றிச் சுழல்வது. ஒப்பந்தத் தொழில், உள்ளாட்சிப் பதவிகள், கோயில் திருப்பணி, திருமண அன்பளிப்பு என்று பல கைகளால் ஊரைப் பிடித்து வைத்திருக்கும் குடும்பங்கள் இவை. இவற்றின் கீழே, ஒவ்வொரு கிராமத்திலும் இத்தனை வாக்கு என்று கணக்குச் சொல்லி வாங்கித் தரும் ‘ஹுவா கனேன்’ என்னும் வாக்குத் தரகர்கள் இருப்பார்கள். இக்குடும்பங்களையும் பழைய உறுப்பினர்களையும் பிற கட்சிகளிலிருந்து இழுப்பதைத் தாய்லாந்து அரசியல்வாதிகள் ‘தூத்’, அதாவது உறிஞ்சுதல் என்பார்கள். 2018இல் நடந்ததுபோல் அவ்வளவு பெரிய அளவில் உறிஞ்சுதல் அரிதாகவே நடந்திருக்கிறது. அதை முன்னின்று நடத்தியது ‘சாம் மித்’ என்னும் மூன்று நண்பர்கள் குழு. அதன் முதன்மையான இருவரான சோம்சக் தெப்சுதினும் சுரியா ஜுங்ருங்ருவாங்கித்தும் முன்பு தக்சினின் அமைச்சரவையில் இருந்தவர்கள். இந்த அரசியலமைப்பு தங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்று சோம்சக் 2018 நவம்பரில் வெளிப்படையாகவே கூறினார். கட்சியை விமரிசித்த எவரும் சொன்னதைவிட அது துல்லியமான கூற்று.

சோன்புரி மாகாணத்தில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்த்தால் முறை விளங்கும். பாங்காக்கின் தென்கிழக்கே, தொழிற்பேட்டைகளும் பட்டாயா கடற்கரையும் உள்ள அந்த மாகாணத்தைப் பல பத்தாண்டுகளாகக் குன்புளும் குடும்பம் தன் செல்வாக்கில் வைத்திருந்தது. பலாங் சோன் என்ற சொந்தக் கட்சியே அதற்கு இருந்தது. 2018 ஏப்ரலில் அக்குடும்பத்தின் தலைமகன் சொந்தயா பிரதமரின் ஆலோசகராக்கப்பட்டார். அவர் தம்பி இத்திபோனுக்குச் சுற்றுலாத் துறையில் பொறுப்பு கிடைத்தது. செப்டம்பரில் தேர்தல் எதுவுமின்றி, ஆட்சிக்குழுத் தலைவரின் உத்தரவால் சொந்தயா பட்டாயா நகர மேயரானார். குடும்பத்தின் ஆதரவு பலாங் பிரச்சாரத்துக்குச் சென்றது, தேர்தலுக்குப் பின் இத்திபோன் பண்பாட்டுத்துறை அமைச்சரானார். பதவிகளை நியமனத்தால் வழங்கும் அதிகாரம் கையில் இருந்த ஒரே தரப்பு இராணுவ ஆட்சிக்குழு என்பதால், வேறெந்தக் கட்சியாலும் இந்தப் பேரத்தில் போட்டியிட முடியவில்லை.

டிசம்பரில் பாங்காக்கின் புறநகர் அரங்கொன்றில் மேசை ஒன்றுக்கு 30 இலட்சம் பாட் வீதம் 200 மேசைகள் போட்டு நடத்தப்பட்ட நிதிதிரட்டும் விருந்து, கட்சியின் பின்னால் நின்ற பெருவணிகத்தின் அளவைக் காட்டியது. சில மேசைகள் அரசு நிறுவனங்களின் பெயரில் இருந்தனவா என்ற கேள்வி எழுந்து, தேர்தல் ஆணைய விசாரணையில் நடவடிக்கையின்றி முடிந்தது. 2019 பிப்ரவரி 8 அன்று கட்சி பிரயுத்தைத் தன் ஒரே பிரதமர் வேட்பாளராக அறிவித்தது. அதே காலையில் தக்சின் சார்புடைய தாய் ரக்சா சார்ட் கட்சி, மன்னரின் தமக்கை உபோன்ரத்தனாவை முன்மொழிந்து நாட்டையே திகைக்க வைத்தது. அன்றிரவே மன்னரின் அறிவிப்பு அதைப் பொருத்தமற்றது என்றது. மார்ச் 7 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அக்கட்சியைக் கலைத்தது. அக்கட்சி நின்ற தொகுதிகள் பலவற்றில் தக்சின் தரப்புக்கு வேட்பாளரே இல்லாமல் போயிற்று.

மார்ச் 24 தேர்தலில் பலாங் பிரச்சாரத் 84 இலட்சம் வாக்குகளோடு முதலிடம் பெற்றது. இடங்களில் தக்சின் சார்பான புவா தாய் கட்சி 136 என்று முன்னிற்க, இதற்கு 116 கிடைத்தன; புதிதாகப் பிறந்த எதிர்கால முன்னேற்றக் கட்சி 81 பெற்றது. அக்கட்சியின் இளம் தலைவர் தனதோன், பலாங் பிரச்சாரத்தின் சுரியாவுக்கு அண்ணன் மகன் முறை. 84 இலட்சம் வாக்குகளும் அட்டையாலும் தரகர்களாலும் வந்தவை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. பாங்காக்கின் 30 தொகுதிகளில் 12ஐ இக்கட்சி வென்றது. அங்கே பெருங்குடும்பங்களும் இல்லை, கிராமத் தரகர்களும் இல்லை. 2010இல் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட தெருமோதலையும், 2013-14இல் நகரை முடக்கிய போராட்டத்தையும் கண்ட கடைக்காரர்களும் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும், ‘தூ மாமா’ என்னும் நெருக்கத்தோடு ‘லுங் தூ’ என்று அழைக்கப்பட்ட பிரயுத்தின் ஆட்சியில் அமைதி குலையாமல் இருக்கும் என்று நம்பினார்கள். கட்சியின் கடைசிநேர முழக்கமும் அமைதி வேண்டுமானால் லுங் தூ என்பதாகவே இருந்தது. பிரயுத்தை ஆதரிக்கமாட்டேன் என்று ஜனநாயகக் கட்சித் தலைவர் அபிசித் அறிவித்ததும், அக்கட்சியின் பழைய வாக்காளர்கள் பெருவாரியாக இப்பக்கம் வந்தார்கள். பாங்காக்கில் ஜனநாயகக் கட்சிக்கு ஓர் இடமும் மிஞ்சவில்லை. அதன் கோட்டையான தெற்கிலும் 50 தொகுதிகளில் 13 பலாங் பிரச்சாரத்துக்குப் போயின. நாட்டின் ஒரு பெரும்பகுதி ஒழுங்கை உண்மையாகவே விரும்பியது. அந்த விருப்பம் ஆட்சிக்குழுவுக்கு அடித்தளமாக இருந்தது, எதிர்ப்பாளர்கள் அதை உணரத் தவறியதும் உண்டு.

எனினும் வாக்குகள் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஒரே சீட்டில் அளிக்கும் வாக்கைக் கொண்டே தொகுதி உறுப்பினரையும் பட்டியல் உறுப்பினரையும் கணக்கிடும் புதிய முறையில், ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 71,000 வாக்குகள் தேவை என்று அமைந்தது. தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் ஆணையம் ஏற்றுக்கொண்ட கணக்கு முறையோ, அதில் பாதி வாக்குகளே பெற்ற சிறு கட்சிகளுக்கும் ஓர் இடம் கொடுத்தது. மார்ச் இறுதியில் மக்கள் அவையில் பெரும்பான்மை தம்மிடம் இருப்பதாக அறிவித்த எதிரணியினர், மே மாதம் முடிவுகள் வெளிவந்தபோது 250க்குக் கீழே இறங்கியிருந்தார்கள். ஓரிடச் சிறு கட்சிகள் பிரயுத்தின் கூட்டணியில் சேர்ந்தன. ஜூன் 5 அன்று இரு அவைகளும் கூடி வாக்களித்தபோது பிரயுத்துக்கு 500, தனதோனுக்கு 244. அவைத்தலைமையில் இருந்ததால் வாக்களிக்காத செனட் தலைவரைத் தவிர, மற்ற 249 செனட்டர்களும் ஒருவர் விடாமல் பிரயுத்துக்கே வாக்களித்தனர். எந்தச் சட்டமன்றத்திலும் 249 மனிதர்கள் ஒரு கேள்வியில் இயல்பாக ஒரே கருத்தை எட்டுவதில்லை.

ஆட்சியில் அமர்ந்த பிறகு கட்சிக்கென்று ஒரு கொள்கை உருவாகவில்லை. சோம்கித்தின் ஆட்கள் நால்வரும், மாகாணக் குடும்பங்களும், மூன்று நண்பர்களும், படைக்கு நெருங்கியவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவர்களை இணைத்தது அமைச்சர் பதவி ஒன்றே. 2020 ஜூனில் பிரவித் கட்சித் தலைவரானார். அடுத்த மாதமே உத்தமாவும் சோம்கித்தின் மற்ற ஆட்களும் கட்சியையும் அரசையும் விட்டு வெளியேறினார்கள். பிரவித், பிரயுத், உள்துறை அமைச்சர் அனுபோங் பாவோசிந்தா ஆகிய மூவரும் கிழக்குப் பகுதியில் நிலைகொண்ட அரசியின் காவற்படைப் பிரிவில் ஒன்றாக வளர்ந்து, பின்னர் வெவ்வேறு காலங்களில் தரைப்படைத் தலைவரானவர்கள். மூத்தவரான பிரவித்தை மற்ற இருவரும் அண்ணனாகவே கருதினார்கள். கட்சி அண்ணனிடமும் பிரதமர் பதவி தம்பியிடமும் இருந்த இந்த ஏற்பாடு நெடுநாள் தாங்கவில்லை. 2021 செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது பிரயுத்தை வீழ்த்தச் சொந்தக் கட்சிக்குள்ளேயே காய் நகர்த்தப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்ததாகக் கருதப்பட்ட கட்சியின் பொதுச்செயலாளர் தம்மனத் பிரொம்பாவோ துணை அமைச்சர் பதவியை இழந்தார், ஆனால் பிரவித்தின் அரவணைப்பை இழக்கவில்லை.

இதற்கிடையே 2020 பிப்ரவரி 21 அன்று, தலைவர் தனதோனிடமிருந்து 19 கோடி பாட்டுக்கு மேல் கடன் வாங்கியது சட்டவிரோதம் என்று கூறி, எதிர்கால முன்னேற்றக் கட்சியை அரசியலமைப்பு நீதிமன்றம் கலைத்தது. அந்த ஆண்டில் மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பிரயுத் விலகவேண்டும், அரசியலமைப்பு மாறவேண்டும் என்பவற்றோடு, அதுவரை யாரும் பொதுவெளியில் உரக்கச் சொல்லத் துணியாத மன்னராட்சிச் சீர்திருத்தத்தையும் கேட்டார்கள். ஒரு தலைமுறை முழுவதும் தன் முதல் வாக்கு அளித்த கட்சி கலைக்கப்பட்டதைப் பார்த்தது. பலாங் பிரச்சாரத்துக்கு 2019இல் கிடைத்த வெற்றியின் உண்மையான விலை அங்கேதான் செலுத்தப்பட்டது.

முடிவு 2023இல் வந்தது. பிரதமர் ஒருவர் எட்டாண்டுகளுக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்ற விதியின்படி பிரயுத்துக்கு 2025வரையே காலம் எஞ்சியிருக்கிறது என்று நீதிமன்றம் முடிவுசெய்திருந்த நிலையில், அவர் 2023 ஜனவரியில் ஐக்கியத் தாய் தேசம் என்னும் புதிய கட்சிக்குப் போனார். பிரவித் பலாங் பிரச்சாரத்தின் வேட்பாளராக நின்று, மோதலைக் கடந்து செல்வோம் என்று முழங்கினார், அட்டைக்கு மாதம் 700 பாட் தருவதாக வாக்களித்தார்; பிரயுத்தின் கட்சி 1,000 பாட் என்றது. மே 14 அன்று, கலைக்கப்பட்ட கட்சியின் வாரிசான முன்னேற்றக் கட்சி 151 இடங்களோடு முதலிடம் பெற்றது. பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32 அதன் வசமாயின. பலாங் பிரச்சாரத்துக்கு 40, பிரயுத்தின் கட்சிக்கு 36. இம்முறை தொகுதிக்கும் கட்சிக்கும் தனித்தனிச் சீட்டு இருந்ததால் கட்சியின் உண்மையான உயரம் அளவிடப்பட்டது: பலாங் பிரச்சாரத்தின் 40 இடங்களில் 39 தொகுதிகளில் நின்ற பெரும்புள்ளிகள் வென்றவை, கட்சியின் பெயருக்காக விழுந்த வாக்குகள் ஏறத்தாழ 5,40,000 மட்டுமே, அவை பெற்றுத் தந்தது ஒரே ஒரு பட்டியல் இடம். நான்காண்டுக்கு முன் 84 இலட்சம் பேர் வாக்களித்தது கட்சிக்கு அல்ல, அதன் சீட்டில் இருந்த மனிதருக்கு என்பது அப்போது தெளிவாயிற்று. சோன்புரியின் சொந்தயாவும் அதற்குள் புவா தாய் கட்சிக்குச் சென்றுவிட்டார்.

தளபதிகளின் கட்சிகள் தோற்றாலும் தளபதிகளின் செனட் தோற்கவில்லை. 2023 ஜூலை 13 அன்று முன்னேற்றக் கட்சியின் பிதா லிம்ஜாரோன்ராத் 324 வாக்குகளே பெற்றார். 249 செனட்டர்களில் அவரை ஆதரித்தவர்கள் 13 பேர். ஆகஸ்ட் 22 அன்று, பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்த தக்சின் நாடு திரும்பிய அதே நாளில், அவர் சார்புக் கட்சியின் சிரேத்தா, தான் எதிர்த்து நின்ற பலாங் பிரச்சாரத்தையும் பிரயுத்தின் கட்சியையும் கூட்டணியில் சேர்த்துக்கொண்டு பிரதமரானார். பிரயுத் அவ்வாண்டு நவம்பரில் மன்னரின் ஆலோசனைக் குழுவில் நியமிக்கப்பட்டார். 2024 ஆகஸ்டில் முன்னேற்றக் கட்சியும் கலைக்கப்பட்டது; அதே மாதம் தம்மனத் தன் ஆதரவு உறுப்பினர்களோடு பிரவித்தை விட்டுப் பிரிய, பிரவித்தின் தரப்பு ஆளும் கூட்டணியிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டது.

பலாங் பிரச்சாரத்தைத் தனியொரு கட்சியாக மதிப்பிட்டால் அது தோல்விதான். தன்னை உருவாக்கியவர்கள் விலகியதும் சேரி மனங்கசிலாவும் சாமக்கி தாமும் போன வழியிலேயே அதுவும் தேய்ந்தது. ஆனால் அது செய்யவந்த வேலை வேறு. 2014இல் துப்பாக்கியால் பெற்ற அதிகாரத்தை 2019இல் வாக்குச்சீட்டின் வழியே மறுபுறம் கடத்திவிடுவதே அவ்வேலை, அதை அது முழுமையாகச் செய்து முடித்தது. நியமன செனட்டின் பதவிக்காலம் 2024 மே மாதத்தில் முடிந்து, பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதனோடு முடிந்தது. பின்வரும் எல்லா அரசுகளையும் கட்டுப்படுத்தும் வகையில் இராணுவ ஆட்சிக்காலத்தில் எழுதி 2018 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட இருபதாண்டுத் தேசிய வியூகத்துக்கு வகுக்கப்பட்ட காலம் 2037இல் முடிகிறது.